பட்டாபிராம் பஞ்சவர்ணம் பேசறேன்

ரயில் போகட்டும் என்று பஞ்சவர்ணம் காத்திருக்கிறாள். கையில் போன், கட்டைவிரல் மைக் படத்துக்கு மேலே தொட்டும் தொடாமலும். திருவள்ளூர் வண்டி வீட்டுச் சுவரை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போகிறது. போன பிறகும் அவள் விரலை வைப்பதில்லை. எதிர்ப்பக்கம் சென்ட்ரல் வண்டி வருகிறதா என்று காதைக் கொடுத்துப் பார்க்கிறாள். வரவில்லை. புருஷன் துலுக்கானத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்குகிறாள். அவன் உறிஞ்சவிருந்த டீயை அப்படியே நிறுத்திக்கொள்கிறான். தொண்டையைச் செருமி, முந்தானையால் வாயைத் துடைத்து, அப்புறம்தான் அழுத்துகிறாள்.

"வணக்கம்மா சாமுண்டீஸ்வரி. பட்டாபிராம் பஞ்சவர்ணம் பேசறேன். நல்லா கீறியா?"

இந்த இடத்தில் பேச்சு நிற்கும். போன் ஓடிக்கொண்டிருக்கும், அவள் பேசமாட்டாள். எதிரே ஆள் நிற்பது போலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். "செரி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மேலே போவாள்.

"நாளிக்கு காலீல அஞ்சி மணிக்கு வேலப்பன்சாவடி மண்டபத்து வாசல்ல நிக்கணும். பச்ச பொடவ. தலைக்கு வல போட்டுக்கோ. சத்தம் வராத செருப்பா போட்டுக்கினு வா. இன்னொரு தபா சொல்றேன். வேலப்பன்சாவடி. அஞ்சி மணி. பச்ச பொடவ. கேட்டுட்டு ஒரு சத்தம் குடு. வெச்சிடறேம்மா."

வைத்துவிடுகிறேன் என்று சொன்ன பிறகும் விரல் உடனே எழாது. எதிராளிக்கு ஏதாவது சொல்ல இருந்தால்?

கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் பெண்களை அனுப்புவது பஞ்சவர்ணத்தின் தொழில். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள மண்டபங்களில் பாதிக்கு மேல் அவளுடைய ஆட்கள்தான் சாம்பார் வாளி தூக்குகிறார்கள். அத்தனை பேரையும் அவள் கட்டி மேய்ப்பது குரல் செய்தியில். எழுதி அனுப்பினால் பாதிப் பேர் படிக்கமாட்டார்கள், படித்தவர்கள் வேறு மாதிரிப் புரிந்துகொள்வார்கள் என்பது அவள் கட்சி. கூப்பிட்டுப் பேசலாம்தான், ஆனால் குழம்பு கொதிக்கும் நேரத்தில் போனை எடுத்தவள் "உம், உம்" என்று சொல்லிவிட்டு மறுநாள் மஞ்சள் புடவையில் வந்து நிற்பாள். குரல் செய்தி என்றால் மறுபடியும் கேட்டுக்கொள்ளலாம்.

மகள் மதிவதனி அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் குறைகேட்கும் பிரிவில் இருக்கிறாள். பணிவாகப் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அம்மா விடுகிற நிறுத்தத்தைக் கண்டால் அவளுக்குச் சிரிப்புத் தாங்காது.

"ம்மா, அது ரெக்கார்டிங். நீ நல்லா இருக்கியான்னு கேட்டா அந்தப் பக்கம் யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. இன்னாத்துக்கு வெயிட் பண்ற?"

"ஒருத்தர சொகமான்னு கேட்டுட்டு, அவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள பச்ச பொடவ கட்டிக்கினு வான்னா, அது மரியாதையாடீ?"

"அவங்க சொல்றது உனக்குக் கேக்காதும்மா."

"எனுக்கு கேக்கலன்னா? அவங்க சொல்லிப்பாங்க இல்ல."

சாமுண்டீஸ்வரி மின்சார ரயிலில் அந்தச் செய்தியைக் கேட்கும்போது, நிறுத்தம் வந்த இடத்தில் "நல்லா கீறேங்க்கா" என்று வாய்விட்டுச் சொன்னதையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன்னிடம்தான் சொல்கிறாளாக்கும் என்று "நானும் நல்லா இருக்கேன்" என்றதையும் பட்டாபிராமே அறியும்.

இப்படி ஊருக்கெல்லாம் வாய் நோகாமல் செய்தி சொல்கிறவள், சொந்தத் தம்பிக்கு ஒரு செய்தி சொல்ல முடியாமல் தவித்துப்போனாள். அந்தத் தவிப்பு குளிர்சாதனப் பெட்டியின் தலையில் மஞ்சள் துணியில் சுற்றி உட்கார்ந்திருந்தது: மதிவதனியின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு.

மாப்பிள்ளை கோகுல்நாத், ஆவடிப் பையன், நல்ல இடம். மண்டபம் பிடித்தாயிற்று. பத்திரிகையும் அச்சாகி, மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டாயிற்று. சாமிக்கு அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்கு. பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டவேண்டியவன் அவன். கணவனும் மனைவியுமாக வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்கு வைத்துத் தட்டை நீட்டி, அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டால்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். அதற்கு முன்னால் ஒரு பத்திரிகை கூட இந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று பஞ்சவர்ணம் சொல்லிவிட்டாள். துலுக்கானத்தின் அண்ணன் வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் தெரிந்த கல்யாணத்துக்கு ஊரில் ஒருவர் கையிலும் பத்திரிகை இல்லை.

தம்பி தேவா ஓமானில், சலாலா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மனைவி கிருஷ்ணப்பிரியாவும் பிள்ளைகளும் அவனோடு அங்கேதான். பாரிவாக்கத்தில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. சண்டை அந்த வீட்டில்தான் ஆரம்பித்தது. சரியாகச் சொன்னால், பஞ்சவர்ணம் அந்த வீட்டுக்குப் போகாததில் ஆரம்பித்தது.

புதுமனைப் புகுவிழாவுக்கு தேவா பத்திரிகையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். பிள்ளையார் படம், கீழே 'அனைவரும் வருக'. அக்காவுக்கு எதற்குத் தட்டு, பால் காய்ச்ச வேண்டியவளே அவள்தானே என்று அவன் நினைத்தான். வீட்டுக்காரனின் அக்காவை வந்து கூப்பிடாமல் பால் காய்ச்ச வைப்பதா என்று இவள் நினைத்தாள். அப்போது அவன் வாடகைக்குக் குடியிருந்த ஆவடியிலிருந்து பட்டாபிராம் என்ன காடா மலையா? வருவான், வருவான் என்று புதுப்புடவையை எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். அவன் வரவில்லை. விழாவன்று அவன் அங்கே தெருமுனையைப் பார்த்தான். இவள் போகவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று கிருஷ்ணப்பிரியாவின் அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். அன்றைக்குச் சாயந்திரம் தேவா போன் செய்தான்.

"பால் பொங்கிடிச்சி. நீ இல்லாமயே பொங்கிடிச்சி" என்றான். வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் ஓமான் போனதே அவளுக்கு மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும். இரண்டு பேருமே பாசக்காரர்கள். அதனால்தான் இரண்டு பேருக்கும் இவ்வளவு வீம்பு.

இப்போது கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. கிரேன் மேல் இருக்கும்போது போன் தொடக்கூடாதாம். இறங்கிய பிறகாவது கூப்பிடலாமே? கூப்பிடவில்லை.

"வாய்ஸ் அனுப்பேன்மே. ஊருக்கெல்லாம் அனுப்புற" என்றான் துலுக்கானம்.

"தாய்மாமனுக்குப் பத்திரிகைய வாய்ஸ்லயா வெப்பாங்க? அவன் குரூப்புல போட்டான்னுதான நான் போவாம குந்திக்கினு இருந்தேன். இப்ப நானே அத்த செய்யறதா?"

செய்துதான் பார்த்தாள். முதல் தடவை ரயில் வந்தது. இரண்டாவது தடவை குக்கர் கூவியது. அடுத்து, ரயிலும் இல்லை, குக்கரும் இல்லை, துலுக்கானம் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டான். "வணக்கம் தேவா" என்பதற்கு மேல் குரல் வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். பந்தியில் ஐந்நூறு பேருக்கு நடுவில் கூசாத வாய் அது.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் பஞ்சவர்ணம் தலைக்குக் குளித்து, அன்றைக்கு எடுத்து வைத்துக் கட்டாமலே விட்ட அதே புதுப்புடவையைக் கட்டினாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, குங்குமம், மேலே ஒரு பத்திரிகை.

"கெளம்புய்யா."

"எங்க?"

"தம்பி ஊட்டுக்கு."

"அவன்தான் இல்லியேமே."

"ஊடு அங்கதான கீது."

ஷேர் ஆட்டோவில் மடியில் தட்டோடு உட்கார்ந்து வந்தாள். பாரிவாக்கத்தில் வழி கேட்டுத்தான் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சொந்தத் தம்பி வீட்டுக்கு வழி கேட்டது அவளுக்குச் சுருக்கென்றது. மாடி வைத்த வீடு, நீலக் கதவு, கதவில் பூட்டு. வெளிக் கேட்டில் தாழ்ப்பாள் மட்டும்தான். செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு இரண்டு பேரும் படியேறினார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பெயர் சபீனா என்று பிறகு தெரிந்தது.

"யாரு வேணும்? அவங்க ஊர்ல இல்லையே."

"தெரியும்மா. நான் தேவாவோட அக்கா. பத்திரிகை வெக்க வந்தோம்."

ஆள் இல்லாத வீட்டுக்குப் பத்திரிகையா என்று சபீனா முழித்தாள்.

"கோச்சிக்காத, உங்க ஊட்ல ஓடற தண்ணி மோட்டார கொஞ்சம் நிறுத்துறியாம்மா? ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிட்றேன்."

சபீனா மோட்டாரை நிறுத்தினாள். எதற்கும் இருக்கட்டும் என்று சுவரோரமாகவே நின்றுகொண்டாள்.

தட்டை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்பதால் போன் துலுக்கானத்திடம் போயிற்று. "நான் தலைய ஆட்ற வரைக்கும் வெரல எடுத்துடாத" என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவன் அழுத்தினான். அவள் முதலில் பேசவில்லை. வலது கைவிரலை மட்டும் நீட்டி அழைப்பு மணியை அடித்தாள். உள்ளே குருவி கூவுவது போன்ற மணி. ஆளில்லாத அறைகளில் அது பெரிதாகக் கேட்டது. கதவு திறக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். பிறகு தட்டை நீட்டினாள்.

"வணக்கம் தேவா. பட்டாபிராம் பஞ்சவர்ணம் பேசறேன். உங்க அக்கா. மாமாவும் கூட கீறாரு. உன் ஊட்டு வாசல்ல நின்னுக்கினு பேசறோம். நல்லா கீறியா?"

நிறுத்தம்.

"கிருஷ்ணப்பிரியா சொகமா? கொழந்தைங்க?"

மறுபடியும் நிறுத்தம். துலுக்கானம் தன்னையறியாமல் தானும் தலையை ஆட்டினான்.

"நம்ம மதிவதனிக்குக் கல்யாணம் வெச்சிக்கிறோம். ஆவணி மாசம், ரெண்டாவது ஞாயித்திக்கெழம, பூந்தமல்லில. மொத பத்திரிகை உனுக்குதான். இன்னும் ஒருத்தருக்கும் வெக்கல. வெத்தல பாக்கு, பழம், பூ அல்லாம் கைல கீது. நீதான் இல்ல."

தட்டைக் கதவுப் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"அன்னிக்கி நீ குரூப்புல போட்டப்ப, வந்து கூப்டலன்னு நான் வரல. இன்னிக்கி நானே உன்ன போன்ல கூப்ட்டுக்கினு கீறேன். நான் வந்திருக்கணும் நைனா. தப்பு எம்மேல. பொண்ணு நெத்தியில நீதான் பட்டம் கட்டணும். வர்றியா?"

இந்த நிறுத்தம் நீளமாக இருந்தது. எங்கோ ஒரு வண்டி போயிற்று. சபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா சொல்றேன். ஆவணி ரெண்டாவது ஞாயிறு. பூந்தமல்லி. கேட்டுட்டு ஒரு சத்தம் குடு. வெச்சிடறேன் நைனா."

தலையை ஆட்டினாள். துலுக்கானம் விரலை எடுத்தான். பத்திரிகையைப் பூட்டின் மேல் செருகிவிட்டு வரலாமா என்று அவன் கேட்டதற்கு, "கையில வாங்காம எப்புடி?" என்று தட்டோடு திரும்பிவிட்டாள்.

செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் மைக் படம் சாம்பல் நிறமாகவே இருந்தது. கேட்டால் நீலமாகும் என்று மதிவதனி சொல்லிக் கொடுத்திருந்தாள். அன்று முழுக்கப் பஞ்சவர்ணம் போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மறுநாள் வேலப்பன்சாவடியில் வளைகாப்புப் பந்தி. இரண்டாவது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது பார்த்தாள், மைக் நீலமாகியிருந்தது.

கேட்டுவிட்டான். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறான். கேட்காமல் இருந்ததே தேவலை என்று தோன்றியது. ரசம் கேட்டவருக்கு மோர் ஊற்றினாள். இத்தனை வருஷத்தில் அவள் கையால் நடக்காத தவறு. சாமுண்டீஸ்வரி வாளியைப் பிடுங்கிக்கொண்டு, "நீ போய் குந்துக்கா" என்றாள்.

மண்டபத்தின் பின்கட்டில், கழுவிய அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது போன் சிணுங்கியது. தேவாவிடமிருந்து குரல் செய்தி. அவள் இதுவரை வாங்கியதிலேயே நீளமானது.

"எக்கா, வணக்கம். சலாலாலேர்ந்து தேவா பேசறேன். நல்லா கீறியா?"

அப்புறம் பேச்சு இல்லை. காற்றும் தூரத்தில் ஏதோ இரும்புச் சத்தமும் மட்டும். போன் கெட்டுவிட்டதோ என்று ஒரு கணம் பதறிப்போனாள். பிறகு புரிந்தது. அவளுக்காக விட்டிருக்கிறான்.

"கீறேண்டா" என்றாள் பஞ்சவர்ணம், அண்டாக்களிடம். "நல்லா கீறேன்."

"செரி" என்றது போன். "மூணு தபா கேட்டேங்க்கா. அந்த பெல்லு நான்தான் பாத்து வாங்கி மாட்னேன். எவ்ளோ பேரோ வந்து அடிச்சாங்க. நீ அடிச்சி நான் கேட்டதே இல்ல. இப்பதான் கேட்டேன். நானும் ஊட்டாண்ட வந்து உன்ன கூப்ட்டிருக்கணும். ஆவடிலேர்ந்து எவ்ளோ தூரம், சொல்லு."

நிறுத்தம். பஞ்சவர்ணம் போனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"லீவு எழுதிக் குடுத்துட்டேன். குடுப்பான்னுதான் நெனைக்கிறேன். ஆனா அதுக்கு மின்ன உனுக்கு ஒரு வேல கீது. சபீனா அக்காவாண்ட சாவி கீது, சொல்லிட்டேன். உள்ள போ. சிலிண்டர்ல கேஸ் கீது. உன் கையால பால் காச்சு. அப்பால பத்திரிகைய சாமி படத்தாண்ட வெச்சிட்டு வா, நான் வந்து எடுத்துக்கறேன். இன்னொரு தபா சொல்றேன். சாவி சபீனா அக்காவாண்ட. மொதல்ல பாலு. அப்பால பத்திரிகை. வெச்சிடறேங்க்கா."

புதன்கிழமை காலையில் அந்த நீலக் கதவு திறந்தது. வலது காலை எடுத்து வைத்துப் பஞ்சவர்ணம் உள்ளே போனாள். சபீனா முந்தின நாளே வீட்டைப் பெருக்கித் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தாள். துலுக்கானம் பால் பாக்கெட்டும் தட்டும் தூக்கி வந்தான். கிருஷ்ணப்பிரியாவின் பாத்திரங்களிலேயே பளபளப்பான ஒன்றை எடுத்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துப் பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள்.

பால் ஓரத்தில் நுரைகட்டி எழும்பத் தொடங்கியதும் போனை எடுத்தாள். வழக்கம்போல ஒரு கையைத் தூக்கினாள். துலுக்கானம் வாயை மூடிக்கொண்டான், சபீனா கதவோரம் அசையாமல் நின்றாள். தொண்டையைச் செருமவில்லை, வணக்கம் சொல்லவில்லை, பெயரும் ஊரும் சொல்லவில்லை. மைக்கை அழுத்திப் பாத்திரத்துப் பக்கம் நீட்டினாள். பால் பொங்கி விளிம்பைத் தாண்டி அடுப்பில் இறங்கிச் சுர்ரென்றது. வழியட்டும் என்று விட்டாள். போதும் என்று தோன்றியபோது மற்றக் கையால் அடுப்பை அணைத்தாள். சத்தமெல்லாம் அடங்கி வீடு அமைதியான பிறகும், தம்பிக்கு ஏதாவது சொல்ல இருக்கும் என்று, கட்டைவிரலை எடுக்காமல் நின்றிருந்தாள்.